ஷிப்ட் விடும் நேரத்துக்கு ஒரு பஸ்

சென்னையின் போக்குவரத்துத் திட்டங்களுக்காகக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அறிக்கை எழுதித் தரும் ஆலோசனை நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் திட்டமிடுநர்களுக்கும்,



திருவொற்றியூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வரைபடத்தில் வடசென்னைக்காரர்களான நாங்கள் மாநகராட்சியின் 1, 4, 5 ஆகிய மண்டலங்கள். மணலியையும் சேர்த்தால் 2-உம். எங்கே தண்டவாளம், எங்கே மேம்பாலம், எந்த டெப்போவுக்கு எத்தனை பஸ் என்று அடுத்த இருபது வருடத்துக்கு முடிவாவது உங்கள் அறிக்கைகளை வைத்துத்தான். அரசு மாறும், அமைச்சர் மாறுவார், அதிகாரி மாற்றலாகிப் போவார். அறிக்கையில் ஒருமுறை ஏறிவிட்ட கோடு மட்டும் கோப்பிலிருந்து கோப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் மனுவை அரசு அலுவலகத்தில் கொடுக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் மனிதர்கள் நடமாடும் நேரம் வேறு, போகும் திசையும் வேறு. இரண்டுமே உங்கள் கணக்கில் சரியாக விழுவதில்லை. கணக்கெடுப்பிலேயே பிசகு நேர்ந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு நல்ல கணினி மாதிரியைக் கட்டினாலும் எங்களுக்கு வரவேண்டிய பஸ் வராது.

சென்னைக்கு ஆய்வுப் பஞ்சம் இல்லை. 1960-களின் கடைசியிலேயே பெரிய போக்குவரத்து ஆய்வு ஒன்று தொடங்கியது. 1992 முதல் 95 வரை ரைட்ஸ் நிறுவனம் செய்தது. 2008-10-இல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்காக வில்பர் ஸ்மித் நிறுவனம் செய்தது. ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு, அதாவது கும்டாவுக்கு, 2010-இல் சட்டம் வந்தது. முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இப்போது 2048 வரைக்குமான திட்டம் பேசப்படுகிறது. இந்த ஆய்வுகளில் உழைப்பு இருக்கிறது, படித்தவர்களின் அக்கறையும் இருக்கிறது. ஆனால் காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்கி வந்தது எது என்று பாருங்கள். கடற்கரை நிலையத்தில் புறப்பட்ட பறக்கும் ரயில் 1995-இல் சேப்பாக்கம், 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி என்று தெற்கு நோக்கியே போயிற்று. மெட்ரோ 2015 ஜூனில் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே ஓடத் தொடங்கியது. திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது 2021 பிப்ரவரி 14 அன்று. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான அந்த 9 கிலோமீட்டர் முதல் திட்டத்தில் இல்லவே இல்லை, பிறகு சேர்த்தார்கள். இத்தனைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதே ராயபுரத்தைச் சென்னையின் மூன்றாவது முனையமாக்கச் சொல்லி இந்தப் பக்கத்து மக்கள் வருடக்கணக்காகக் கேட்டார்கள். முனையம் தாம்பரத்துக்குப் போனது.

மெட்ரோவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தேரடி நிலையத்தில் ஏறி அரை மணிக்குள் சென்ட்ரலில் இறங்குகிறோம். எங்கள் பிள்ளைகள் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது தூரம் பார்த்துப் பின்வாங்குவது குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோடு விம்கோ நகர் பணிமனையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் எர்ணாவூர், கத்திவாக்கம், எண்ணூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று ஊர் நீண்டுகொண்டே போகிறது. அங்கிருந்து வருகிறவருக்கு மெட்ரோ நிலையம் வரைக்கும் வந்து சேருவதே ஒரு நாள் பாடு.

சரக்கு விஷயத்தில் மட்டும் எங்கள் பக்கம் நன்றாகவே திட்டமிடப்பட்டிருக்கிறது. எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்; நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில அரசு என்று நான்கு பேர் கைகோத்துப் போட்டது. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்மட்டச் சாலை சுமார் 20 கிலோமீட்டர். 2009-இல் அடிக்கல் போட்டு, நடுவில் நின்று, 2022-இல் மறுபடி அடிக்கல் போட்டார்கள். எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரத்துக்குப் பக்கத்துப் பூஞ்சேரி வரை சென்னை எல்லைச் சாலை, சுமார் 133 கிலோமீட்டர். மூன்றும் எங்கள் வாசலில்தான் தொடங்குகின்றன. மூன்றுக்கும் முதல் காரணம் துறைமுகச் சரக்கு. துறைமுகம் செழிக்க வேண்டும், எங்களில் பாதிப் பேர் வீட்டு உலை அதை நம்பித்தான் கொதிக்கிறது. நான் கேட்பது வேறு. ஒரு கண்டெய்னர் எங்கிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி, எந்த யார்டில் எவ்வளவு நேரம் நின்று, எங்கே போய்ச் சேருகிறது என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறீர்கள். அந்த யார்டில் கண்டெய்னரைக் கட்டி இறுக்கும் லாஷிங் வேலை பார்க்கும் ஆளைப் பற்றியும் இதே கேள்விகளைக் கேட்டால் என்ன?

அவருடைய நேரத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஆலைகளில் பொழுது காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று மூன்றாக உடைகிறது. 1940-களின் கடைசியில் எண்ணூருக்கு வந்த அசோக் மோட்டார்ஸ் பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட். 1969-இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு. 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம். அதை 2017-இல் மூடிவிட்டார்கள். 2001-இல் எண்ணூர் துறைமுகம், இன்றைக்குக் காமராஜர் துறைமுகம். மூன்று தலைமுறையாக எங்கள் ஊர் சங்கொலிக்கு எழுந்து சங்கொலிக்குப் படுத்த ஊர். முன்பு நிரந்தரத் தொழிலாளிகள் அதிகம், அவர்களில் பலருக்குக் கம்பெனி பஸ் இருந்தது. இப்போது கான்ட்ராக்ட் ஆட்களே எங்கும் நிறைந்திருக்கிறார்கள், அவர்களில் பலருக்குக் கம்பெனி பஸ் கிடையாது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்குக் கேட்டில் நிற்க வேண்டும். அப்படியானால் ஐந்து மணிக்கு டோல்கேட் நிறுத்தத்தில் பஸ் இருக்க வேண்டும். இரவு பத்துக்கு ஷிப்ட் விட்டால், கை கால் கழுவி, கேட்டில் பை சோதனை முடிந்து, சாலைக்கு வர பத்தரை ஆகும். அந்த நேரத்துக்குக் கடைசி பஸ் போயிருக்கும், அல்லது ‘வண்டி டெப்போவுக்கு’ என்று கண்டக்டர் கையசைத்துவிட்டுப் போவார்.

நீங்கள் ‘பீக் அவர்’ என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்வது காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஐந்து முதல் எட்டு. அது அண்ணா சாலையின் நேரம், பழைய மகாபலிபுரம் சாலையின் நேரம். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் எண்ணினால் பள்ளிப் பிள்ளைகளும் பாரிமுனைக்குப் போகிற கடைக் குமாஸ்தாக்களும் விழுவார்கள். அதிகாலை நாலரைக்கு விழித்திருக்கிற ஊர் உங்கள் கணக்கில் விழாது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அந்த நேரம் உச்சி வெயில் மாதிரி. ஏலம் முடிந்து, அலுமினிய அன்னக்கூடையில் மீனும் ஐஸும் நிரப்பி, தார்ப்பாய் ஓரத்தைச் செருகி, சும்மாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு பெண்கள் சாலைக்கு வருவார்கள். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டும். பஸ்ஸை நோக்கி அவர்கள் கைகாட்டுவதே இல்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, கூடைக்கு ஒரு பங்கு. விற்கப் போகும் முன்பே அன்றைய லாபத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்ற ஒரு மூதாட்டியைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தபோது முதல்வரே கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நடவடிக்கை சரிதான். ஆனால் கூடையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்த நடவடிக்கையில் பதில் இல்லை. புறநகர் ரயிலில் வியாபாரிகளுக்கென்று ‘வெண்டார்’ பெட்டி இருக்கிறது. பஸ்ஸில் பின்பக்கம் இரண்டு இருக்கையைக் கழற்றி, தரையில் வடிகால் துளையோடு ஒரு தட்டு வைத்து, காசிமேட்டிலிருந்து அதிகாலையில் மட்டும் ஓடுகிற சில டிரிப்புகளுக்கு விட்டால் போதும். வண்டியின் வரைபடத்தைப் போடும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஒரு பொறியாளர் ஒரு நாள் உட்கார்ந்து வரைந்தால் முடிகிற வேலை இது.

பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. எங்கள் தெருவில் அந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. சீட்டுக் கட்டுகிறார்கள், பிள்ளைக்கு டியூஷன் வைக்கிறார்கள். ஆனால் இந்த மிச்சம் முழுவதும் ஒரு விஷயத்தில் தொங்குகிறது: ஒயிட் போர்டு பஸ், அதாவது அந்தச் சாதாரணக் கட்டண பஸ், வரவேண்டும். அது வராத நேரத்தில் அவள் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறாள், அல்லது போகாமல் இருந்துவிடுகிறாள். அரசு கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு ஒரு பெண்ணின் பயணத்தைத் தீர்மானிப்பது எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பது மட்டுமே. அதை முடிவு செய்யும் அட்டவணை உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது.

போகாமல் இருந்துவிடுகிறாள் என்றேனே, அதைத்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். கணக்கெடுக்க வந்த ஒரு பையனை டோல்கேட் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, நல்ல மரியாதையான பையன். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவன் ஒரு வயதான அம்மாவிடம் வந்தான்.

“ஆயா, எங்க போறீங்க?”

“ஸ்டான்லிக்குப்பா. மாத்திரை தீந்துபோச்சு.”

“எதுல போவீங்க? பஸ்ஸா, மெட்ரோவா, ஆட்டோவா?”

“பஸ்ஸு வந்தா பஸ்ஸு. வரலைன்னா வூட்டுக்குப் போயிடுவேன். நாளைக்குப் பாத்துக்கலாம்.”

பையன் திரையைப் பார்த்தான். ‘வீட்டுக்குப் போய்விடுவேன்’ என்பதற்கு அதில் பொத்தான் இல்லை. ‘பஸ்’ என்பதைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போனான். அவன் மேல் தவறே இல்லை. படிவத்தைத் தயாரித்தவர்கள் அவனுக்கு அந்த வழியைக் கொடுக்கவில்லை.

போக்குவரத்து மாதிரி நான்கு படிகளில் நடக்கிறது என்று படித்திருக்கிறேன். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பயணம் கிளம்புகிறது, அவை எங்கே போகின்றன, எதில் போகின்றன, எந்தச் சாலை வழியாகப் போகின்றன. முதல் படியில் விழுகிற எண், நடந்த பயணங்களின் எண். நடக்காமல் போன பயணம் அதில் வராது. பஸ் இல்லாததால் எண்ணூரிலிருந்து ஒரு பெண் மணலியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று விட்டிருப்பாள். உங்கள் மாதிரியோ எண்ணூருக்கும் மணலிக்கும் நடுவே பயணத் தேவையே இல்லை என்று சொல்லும். தேவை இல்லாத இடத்துக்கு யாரும் பஸ் விட மாட்டார்கள். பஸ் இல்லாததால் தேவை இல்லை, தேவை இல்லாததால் பஸ் இல்லை. இந்த வட்டத்துக்குள் எங்கள் ஊர் பல வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை உடைக்க ஒரு கேள்வி போதும். வீடு வீடாகப் போகும்போது, ‘கடந்த மாதம் போக நினைத்து, வண்டி இல்லாததால் போகாமல் விட்ட இடம் எது?’ என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி, வேலை, மகள் வீடு, ரேஷன் கார்டு திருத்த அலுவலகம் என்று பட்டியல் வந்து விழும். அந்தப் பதில்களையும் மாதிரிக்குள் போட வழி இருக்கிறது என்று உங்கள் துறையிலேயே பலர் எழுதியிருக்கிறார்கள்.

திசைக்கு வருகிறேன். எங்கள் பஸ்களில் மிகுதியானவை வடக்கு–தெற்காக ஓடுகின்றன. திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாகவோ கடற்கரையோரமாகவோ பாரிமுனைக்குப் போய், அங்கிருந்து எல்லாத் திசைக்கும் மாற வேண்டும். ஒரு காலத்தில் அது சரி. வேலை அங்கே இருந்தது. இப்போது வேலை மேற்கே நகர்ந்துவிட்டது. மணலி, மாதவரம், செங்குன்றம், அம்பத்தூர் என்று கிடங்குகளும் பட்டறைகளும் கண்டெய்னர் யார்டுகளும் அந்தப் பக்கம்தான் பெருகியிருக்கின்றன. திருவொற்றியூரிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் 101 மாதிரி நீளமான தடங்கள் சில இருக்கின்றன. ஆனால் கிழக்கு–மேற்காக, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று நம்பி நிற்கக்கூடிய தடம் எங்களுக்கு வேண்டும். திருவொற்றியூரும் மணலியும் பக்கத்து ஊர்கள்தான். நடுவில் ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும் கிடக்கின்றன. கேட் விழுந்தால் சரக்கு ரயில் போய் முடியும் வரைக்கும் சைக்கிள்காரரும் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கிறார்கள். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, எண்ணூர்க்காரர் மதுரைக்கு பஸ் ஏறக்கூட முதலில் முழுச் சென்னையையும் கடக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம் இதே சிக்கலில் இருந்தது. எல்லாத் தடங்களும் நகர மையத்துக்கே ஓடின. ஜாரெட் வாக்கர் என்ற ஆலோசகரின் குழுவும் சேர்ந்து வேலை செய்தது. அவர்கள் முதலில் வரைபடம் போடவில்லை. கையில் இருக்கும் பஸ்களில் எவ்வளவு பங்கைக் கூட்டம் அதிகமுள்ள தடங்களுக்குக் கொடுப்பது, எவ்வளவு பங்கைக் கூட்டம் குறைவானாலும் வேறு வழி இல்லாத இடங்களுக்குக் கொடுப்பது என்று நிர்வாகத்தை முடிவு செய்யச் சொன்னார்கள். 80-க்கு 20 என்று முடிவானது. பிறகு தடங்களைக் கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, 2015 ஆகஸ்ட் 16 அன்று ஒரே நாளில் நகரத்தின் மொத்த பஸ் வலையையும் மாற்றினார்கள். சனி, ஞாயிறுகளிலும் பஸ் அடிக்கடி வந்தது. ஹூஸ்டன் எங்களுக்கு முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். அது கார் ஊர், எங்களுடையது நடந்து போகிற ஊர். எனக்குப் பிடித்தது அந்த முதல் கேள்வி. யாருக்கு எவ்வளவு என்ற முடிவு பொறியியல் முடிவு அல்ல, அரசியல் முடிவு. அதை மறைக்காமல் வெளிச்சத்தில் வைத்துக் கேட்டார்கள். நெட்டுக்குப்பத்துக்கு ஒரு பஸ்ஸா, அண்ணா நகருக்குப் பத்தாவது பஸ்ஸா என்று இங்கேயும் வெளிப்படையாகக் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் குறைந்தபட்சம் யார் முடிவு செய்தார் என்று எங்களுக்குத் தெரியும்.

ஷேர் ஆட்டோவை உங்கள் அறிக்கைகள் நெரிசலுக்குக் காரணம் என்ற பக்கத்தில் பார்க்கின்றன. எங்களுக்கு அதுதான் இரவு பத்தரை மணி பஸ். எங்கே ஆள் ஏறுகிறார், எங்கே இறங்குகிறார், எந்த நேரத்தில் எந்தத் தெருமுனையில் கூட்டம் கூடும் என்பதெல்லாம் அந்த ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். கென்யாவின் நைரோபியில் ‘மட்டாட்டு’ என்ற தனியார் வேன்கள்தான் ஊரையே சுமக்கின்றன. அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் கைப்பேசியோடு அந்த வேன்களில் ஏறி, தடங்களையும் நிறுத்தங்களையும் பதிந்து, 2014-இல் முழு வரைபடம் வெளியிட்டார்கள். நகர நிர்வாகம் அதைத் தன் வரைபடமாக ஏற்றுக்கொண்டது. தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் ஷேர் ஆட்டோ வரைபடம் போடுவது தியாகராயா கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பருவத்து வேலை. போட்டு முடித்துவிட்டு, ஷேர் ஆட்டோ அதிகம் ஓடுகிற தடத்தில் பஸ் எந்த நேரத்தில் இல்லை என்று மட்டும் பாருங்கள். தனியாக எந்த ஆய்வும் வேண்டியிருக்காது.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில்தான் எங்கள் பக்கத்தின் மிக மலிவான, மிக வேகமான வாகனம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகிறது. அதே தடத்தின் வழியாகத்தான் வடக்கே போகும் எக்ஸ்பிரஸ்களும் துறைமுகச் சரக்கும் நகர வேண்டியிருக்கிறது. மின்சார ரயில் சிக்னலில் நின்றுவிட்டால் ஷிப்டுக்குப் போகிறவருக்கு அரை நாள் கூலி போய்விடும். 2025 செப்டம்பரில் வந்த ‘சென்னை ஒன்’ செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம், நல்ல காரியம். டிக்கெட் ஒன்றானது போல் நேரமும் ஒன்றாக வேண்டும். விம்கோ நகரில் மின்சார ரயில் வந்து நிற்கும்போது எண்ணூர் பஸ் அங்கே காத்திருக்க வேண்டும்.

சாலை அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீங்கள் வாகனங்களைக் காரை வைத்து அளக்கிறீர்கள். கார் ஒன்று என்றால் பஸ் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஏதோ ஒரு எண். அறுபது பேரைச் சுமக்கும் பஸ், கணக்கில் மூன்று காரின் இடைஞ்சலாக ஏறுகிறது. அதிலுள்ள அறுபது பேர் எங்கும் ஏறுவதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் இதன் விளைவைப் பார்க்கலாம். பஸ் நிறுத்தம் என்று பலகை இருக்கும் இடத்தில் டிரெய்லர் வரிசை நிற்கும். பஸ் அதற்கு வெளியே, இரண்டாவது வரிசையில் நிற்கும். இறங்குகிறவர் டிரெய்லரின் சக்கரத்துக்கும் பஸ்ஸின் படிக்கும் நடுவே உள்ள இரண்டடி இடத்தில் இறங்கி, டிரெய்லருக்கு முன்பக்கமாகச் சுற்றி நடைபாதைக்கு வர வேண்டும். பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிய பிள்ளைகள் தினமும் அப்படித்தான் இறங்குகிறார்கள். வாகனத்தை எண்ணும் அதே சந்திப்புகளில் ஆட்களையும் எண்ணுங்கள். டிரெய்லர் நிற்க இடம் ஒதுக்காமல் பஸ்ஸுக்கு இடம் கிடைக்காது, அதனால் சரக்கு ஆய்வும் பயணிகள் ஆய்வும் இரண்டு நிறுவனங்களின் இரண்டு அறிக்கைகளாக இருக்கக் கூடாது.

இன்னொன்று, எந்த அறிக்கையிலும் நான் காணாதது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடி அமோனியாக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வந்தார்கள். வண்டி வைத்திருந்தவர் வண்டியில் போனார். மற்றவர்கள் கிடைத்ததைப் பிடித்தார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலமும் வந்து ஓய்ந்திருந்தன. சுற்றிலும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, உரம் என்று இருக்கும் ஊரில் நள்ளிரவில் ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்ற வேண்டிவந்தால் எந்த டெப்போவிலிருந்து எத்தனை பஸ், எத்தனை நிமிடத்தில், எந்தச் சாலை வழியாக வரும்? காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தச் சாலை மூடப்படும்? வடசென்னைக்கான பொதுப் போக்குவரத்துத் திட்டம் என்ற பெயரில் வரும் எந்த ஆவணத்திலும் இதற்கு ஒரு அத்தியாயம் இருந்தாக வேண்டும். 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. அவை எங்கள் பக்கத்து டெப்போவில் நிற்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. நள்ளிரவில் அவற்றில் எத்தனை சார்ஜரில் இருக்கும், எத்தனையை உடனே எடுக்க முடியும் என்பதும் அந்த அத்தியாயத்தில் வரட்டும்.

உங்களுக்கும் சங்கடங்கள் இருக்கும். ஒப்பந்தப் பணி வரையறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் செய்ய முடியும். குறைந்த விலை கேட்டவருக்கும் மதிப்பெண் உண்டு என்பதால் கணக்கெடுப்பு நாட்களைக் குறைத்துத்தான் விலை போட வேண்டியிருக்கும். தொடக்க அறிக்கை, இடைக்கால அறிக்கை, வரைவு அறிக்கை, இறுதி அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணைப் பணம். இறுதி அறிக்கை ஏற்கப்பட்டதும் கணக்கு முடிந்துவிடும். அதன் பிறகு எண்ணூருக்கு பஸ் வந்ததா என்று யாரும் உங்களைக் கேட்பதில்லை. ஆனாலும் பணி வரையறையைப் பற்றி ஏலத்துக்கு முந்தைய கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. அந்தக் கூட்டத்தில் எங்களுக்காகச் சிலவற்றைக் கேளுங்கள். பஸ் நிறுத்தக் கணக்கெடுப்பு அதிகாலை நாலு மணிக்குத் தொடங்கி இரவு பன்னிரண்டு வரை நடக்கட்டும். ஆலை கேட்டுகளில் ஷிப்ட் விடும் நேரத்தில் ஆள் நிற்கட்டும், கான்ட்ராக்ட் தொழிலாளிகளைத் தனியாக எண்ணட்டும். கடைசித் தவணையில் ஒரு பங்கை ஒரு வருடம் கழித்து வந்து மறுபடி எண்ணிக் காட்டும்போது தரும்படி மாற்றச் சொல்லுங்கள்.

பஸ்ஸை மறந்து திட்டமிட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு வடசென்னைக் கரையிலிருந்து பல குடும்பங்களைத் தெற்கே செம்மஞ்சேரிக்கு மாற்றினார்கள். வீடு கிடைத்தது. கடல், ஏலம், கருவாட்டுக் கடை எல்லாம் இங்கேயே நின்றுவிட்டன. ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வேலைக்கு வர முடியாமல் பலர் திரும்பி வந்து இங்கே வாடகைக்குக் குடியிருந்தார்கள். பஸ்ஸை யோசிக்காமல் போட்ட வீட்டுத் திட்டத்தின் செலவை அந்தக் குடும்பங்கள் கட்டின. இப்போது, 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாயில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் குடியிருப்பு, ஆஸ்பத்திரி, பள்ளி என்று கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கட்டடத்துக்கும் எதிரில் எந்த பஸ் நிற்கும் என்பதை இப்போதே எழுதி வைக்க முடியும்.

கடைசியாக, வரைவு அறிக்கையைத் தமிழில் கொடுங்கள். முழுவதும் வேண்டாம், எங்கள் மண்டலங்களைத் தொடும் தடங்களும் நேரங்களும் உள்ள பக்கங்கள் போதும். வார்டு அலுவலகத்திலும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பஸ் நிலையங்களிலும் ஒட்டி வையுங்கள். ஷிப்ட் ஆட்கள் பார்க்கும்படி மூன்று வாரமாவது இருக்கட்டும். கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைக்காதீர்கள், அப்போது வேலைக்குப் போனவர் எவரும் வர முடியாது. ஞாயிறு மாலை, தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் வையுங்கள். மீன்காரம்மாக்களுக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் சொல்லி அழைத்து வருவது எங்கள் பொறுப்பு. இந்தச் சாலையில் ஓடி ஓய்வு பெற்ற டிரைவர், கண்டக்டர்களும் வருவார்கள். எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த மென்பொருளுக்கும் தெரியாது. தேதி முடிவானதும் ஒரு வாரம் முன்பாகத் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து ஒரு பயணி